நிலத்தின் தசமபாகம்

சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு மாலை. எங்கள் கடப்பாக்கத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரமாக நடந்து வந்துகொண்டிருந்தேன். சாலையை ஒட்டிய குறுகலான மணற்பரப்பில் ஏழெட்டுச் சிறுவர்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தனர். பந்து சாலைக்குள் உருண்டது. அதன் பின்னே ஒரு சிறுவனும் ஓடினான். புதுவை நோக்கி விரைந்து வந்த பேருந்து, சக்கரங்கள் கிறீச்சிட, அவனுக்கு இரண்டு முழத் தொலைவில் நின்றது. பந்துடன் அவன் திரும்பியபோது, அவன் கால்களைவிட என் கால்களே அதிகம் நடுங்கின.

"விளையாட உனக்கு வேறு இடமா கிடைக்கவில்லை?" என்று கடிந்துகொண்டேன்.

"இருந்தது தாத்தா, உங்கள் வீட்டுக்கு எதிரில். அங்கேதான் கல்லும் மணலும் கிடக்கிறதே" என்றான்.

குற்றம் சாட்டும் எண்ணம் அவனுக்கு இல்லை, உள்ளதைச் சொன்னான். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

பணி ஓய்வுக்குப் பின் இங்கே ஒரு மனைப்பிரிவில் மனை வாங்கி வீடு கட்டினேன். வரைபடத்தில் எங்கள் மனைக்கு எதிரே பச்சை வண்ணத்தில் 'பூங்கா' என்று குறித்திருந்தது. எதிரே வீடு வராது, காற்று தடையின்றி வரும் என்று என் துணைவியார் மகிழ்ந்தார். ஆனால் வீட்டு வேலை தொடங்கியதும் செங்கல்லையும் ஜல்லியையும் நான் இறக்கியது அந்த இடத்தில்தான். வீடு முடிந்தது, மிச்சம் அங்கேயே கிடந்தது. அடுத்து வீடு கட்டியவர் என்னைப் பார்த்துத் தாமும் கொட்டினார். பின்னர் வேலிகாத்தான் முளைத்தது. பிள்ளைகள் சாலைக்குப் போனார்கள். அபகரிப்பவர் யாரோ ஒருவர் என்று நாம் பேசுகிறோம். இங்கே முதற்கல்லைப் போட்டவன் நானே.

மறுநாள் பழைய பத்திரங்களை எடுத்துப் புரட்டினேன். விவரம் அறிந்த நண்பர் ஒருவரிடமும் கேட்டேன். 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கருக்கு, மேற்பட்ட நிலத்தை மனைகளாகப் பிரிப்பவர், சாலைகள் நீங்கலாக உள்ள பரப்பில் 10 விழுக்காட்டைப் பொதுவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரத்தின் மூலம் உள்ளாட்சிக்கு அளித்துவிட வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையிலான நிலமாயின், இடத்திற்கு ஈடாகப் பணம் செலுத்தவும் வழி உண்டு. 3,000-க்கு உட்பட்டதாயின் எதுவுமில்லை. ஆகவே, சிறு சிறு துண்டுகளாகவே பெருகும் ஊரில், யாரும் விதியை மீறாமலேயே, இறுதியில் பிள்ளைகளுக்கு ஓரடி மண்ணும் மிஞ்சாமற் போகலாம். ஊர் நிறையுமுன்னே இடம் ஒதுக்காவிட்டால், நிறைந்த பின் வாங்குவதற்கு எந்தப் பேரூராட்சியிடம் பணம் இருக்கும்?

பத்தில் ஒரு பங்கு! இது நமக்குப் புதிய கணக்கா? விளைச்சலில் பத்தில் ஒன்று ஆண்டவருக்குரியது என்று கற்று வளர்ந்தவர்கள் நாம். நிலத்திற்கும் ஒரு தசமபாகம் உண்டு என்பதை மட்டும் மறந்தோம். லேவியருக்கு அளிக்கப்பட்ட 48 நகர்களைச் சுற்றிலும் மேய்ச்சல் வெளி விடப்பட வேண்டும் என்று எண்ணிக்கை நூல் பணிக்கிறது. அந்நகர்களின் வீடுகளை விற்கலாம், மீட்கலாம். மேய்ச்சல் வெளியை மட்டும் விற்கவே கூடாது என்கிறது லேவியர் நூல். இறைவாக்கினர் செக்கரியாவோ, மீண்டெழும் எருசலேமைக் காட்டுகையில், கோலூன்றிய முதியோர் வீதிகளில் அமர்ந்திருப்பதையும் சிறுவர் சிறுமியர் விளையாடுவதையுமே ஆசீர்வாதத்தின் அடையாளமாகக் காட்டுகிறார். பிள்ளைகள் விளையாடவும் முதியோர் அமரவும் இடமில்லாத ஊரை அவர் என்னவென்று சொல்லியிருப்பார்?

எங்கள் ஊர் வளர்கின்ற ஊர். ஆனால் நீண்டு பரவ வழியில்லாத ஊர். இடைக்கழிநாடு என்னும் பெயரே இதைக் கூறும்: கிழக்கே கடல், மற்றப் பக்கங்களில் கழி, நடுவே ஒரு மணற்பட்டை. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று அந்தக் கடல் என்ன செய்தது என்பதை இங்குள்ளோர் மறக்கவில்லை. கடலோர ஒழுங்குமுறை விதிகள் கரையை ஒட்டி வீடு கட்டத் தடை விதிக்கின்றன. அங்கே பூங்காவையும் விளையாட்டிடத்தையும் அனுமதிக்கின்றன. வீட்டுக்கு ஆகாத இடம் விளையாட்டுக்கு ஆகும்! பனை நிழலில் ஆலம்பரைக் கோட்டை வரை ஒரு நடைபாதை அமைந்தால் எத்துணை நன்று! 1750-இல் முசாபர் ஜங் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்கு வழங்கி, 1760-இல் ஆங்கிலேயர் கைப்பற்றிச் சிதைத்த அக்கோட்டையை, வெளியூரார் மகிழுந்தில் வந்து காண்கின்றனர். எங்கள் பிள்ளைகள் நடந்து சென்று காணப் பாதுகாப்பான பாதை வேண்டும். ஆனால் ஒன்று: மீனவர் வலை உலர்த்தும் மணலையும் படகேற்றும் கரையையும் அந்தப் பாதை பறிக்கலாகாது. அவை அவர்களின் முற்றம். முதலில் அவர்களைக் கேட்டே கோடு போட வேண்டும்.

அன்புக் குடும்பங்களே, உங்கள் மனைப்பிரிவின் வரைபடத்தை இன்றே எடுத்துப் பாருங்கள். பச்சை வண்ணமிட்ட இடம் இன்று எப்படி இருக்கிறது என்று நேரில் சென்று காணுங்கள். அது உள்ளாட்சிக்கு எழுதித் தரப்பட்டதா என்று கேளுங்கள். பூங்காக்களையும் விளையாட்டிடங்களையும் காக்க நம் மாநிலம் 1959-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றியிருக்கிறது. கேட்பதற்கு ஆள் இல்லையெனில், எந்தச் சட்டமும் தானே எழுந்து வந்து முள்ளை வெட்டாது.

நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒரு டிராக்டர் அமர்த்தி என் கல்லையும் மணலையும் அகற்றினேன். இரண்டாம் நாள், அடுத்த வீட்டுக்காரர் வாய் திறவாமல் மண்வெட்டியுடன் வந்து நின்றார். முள் வெட்டப்பட்டது. ஓரத்தில் நான்கு வேம்பும் இரண்டு புங்கனும் நட்டோம். ஊஞ்சலுக்கும் விளக்குக்கும் பேரூராட்சியில் மனு கொடுத்துக் காத்திருக்கிறோம்.

இப்போது மாலையில் பந்து அடிக்கடி எங்கள் வீட்டுக்குள் வந்து விழுகிறது. துணைவியாரின் துளசித் தொட்டி ஒன்று உடைந்தும் போயிற்று. "பந்து தாத்தா!" என்று வாயிலில் குரல் கேட்கிறது. எடுத்துக் கொடுக்கிறேன். சாலைக்குப் போவதைவிட என் முற்றத்துக்கு வரட்டும்.