மாலத்தீவில் கடலே வேலி

இப்னு பதூதா காழியாக அமர்ந்து தீர்ப்பு வழங்கிய நாடு மாலத்தீவு. நம் கடற்கரை ஊர்களின் சமையலறைகள் நன்கறிந்த மாசிக்கருவாடும் அந்நாட்டுச் சரக்கே. மீனை நம்பி வாழ்ந்த அம்மக்கள் 1972-இல் குரும்பா என்னும் முதல் உல்லாச விடுதியைத் திறந்தனர். மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலிலிருந்து 2011-இல் மாலத்தீவு விடுபட்டதற்கு இத்தொழிலே பெருங்காரணம்.

ஆனால் வாசகர்களே, அங்குக் கையாளப்பட்ட முறையைச் சற்றே கவனியுங்கள். ஆளில்லாத் தீவு ஒன்றுக்கு ஒரு விடுதி. மக்கள் வாழும் தீவுகளில் பல்லாண்டுகள் விடுதிக்கு இடமில்லை. மதுவும் அரைகுறை ஆடையும் பள்ளிவாசல் உள்ள ஊருக்குள் நுழையாதபடி கடலே வேலியாயிற்று. பண்பாடு காக்கப்பட்டது மெய். பணமும் பெரும்பாலும் வேலிக்கு அப்பாலேயே தங்கிவிட்டது என்பதும் மெய். ஊரார்க்குக் கிட்டியது சம்பள வேலை. அதற்கும் மனைவி மக்களைப் பிரிந்து வேறு தீவில் தங்க வேண்டும். வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய நம் இல்லங்களுக்கு இப்பிரிவை விளக்க வேண்டியதில்லை.

2009-க்குப் பின் ஊர்த்தீவுகளிலும் விருந்தினர் இல்லங்கள் அனுமதிக்கப்பட்டன. முன்பு சிறைச்சாலையால் அறியப்பட்ட மாஃபுஷி, இன்று அவ்வில்லங்களால் நிறைந்துள்ளது. ஊருக்குள் மது விற்பனை இல்லை. வெளிநாட்டார் குளிக்கக் கடற்கரையில் தனிப்பகுதி ஒதுக்கியுள்ளனர். வருவாய் இப்போது வீட்டு வாசலுக்கே வருகிறது. இல்லம் கட்ட வசதியுள்ளோர் வாசலுக்கு என்பதே பொருத்தம்.

தலைநகர் மாலேயின் அருகே திலஃபுஷி என்றொரு தீவு, 1992 முதல் குப்பை கொட்டியே உருவாக்கப்பட்டது. மாலேயின் குப்பையோடு விடுதிகளின் கழிவும் படகேறிச் சேருமிடம் அதுவே.