முகவரி ஒன்று, ஊர் வேறு

2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு மாலை, நமது பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் பங்கு இல்லத்து வாசலில் வந்து நின்றார். உள்ளே வருமாறு அழைத்தும் தயங்கினார். அமரச் செய்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்த பின்னரே வாய் திறந்தார்.

"ஃபாதர், பதினைந்தாயிரம் ரூபாய் கடனாக வேண்டும். பத்து நாளில் திருப்பித் தந்துவிடுகிறேன். அப்பாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம்."

தந்தைக்குத் தெரியக் கூடாத கடன் நல்ல கடனாக இருப்பது அரிது. எதற்கு என்று வினவினோம். "கிரிப்டோ..." என்று அவர் தொடங்கியதுமே நமக்குச் சினம் மூண்டது. "சூதாடித் தோற்றாயோ? தோற்றதை மீட்க இன்னும் ஆடப் பணம் கேட்கிறாயோ?" என்று கடிந்துகொண்டோம். அவர் குனிந்த தலை நிமிராமல், "சூதாட்டம் இல்லை ஃபாதர், என் சம்பளம்" என்றார். அதற்கு மேல் கடிந்துகொள்ள நமக்கு நா எழவில்லை. முழுவதையும் கேட்டோம்.

அவர் வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்குக் கணினியில் வரைகலைப் பணி செய்பவர். அந்நிறுவனம் அவருக்கு டெதர் என்னும் நாணயத்தில் ஊதியம் அளித்து வந்தது. ஒரு டெதர் ஓர் அமெரிக்க டாலர் மதிப்பில் நிற்குமாறு 2014 முதல் வழங்கப்பட்டு வருவது அது. சிறுகச் சிறுக 1,800 டெதர் சேர்த்து வைத்திருந்தார். நம் பணத்தில் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் ரூபாய். தங்கையின் செவிலியர் கல்லூரிக் கட்டணத்திற்கென்று ஒதுக்கிய தொகை அது.

அந்த ஆண்டு ஜூலை மாதத்தில் இந்தியப் பரிமாற்றகம் ஒன்றிலிருந்து ஏறத்தாழ 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவு போயின. இவர் பணம் இருந்தது வேறொரு பரிமாற்றகத்தில்தான். ஆயினும் அச்செய்தி இவரை அச்சுறுத்தியது. பிறர் கையில் இருப்பதைவிட நம் கையில் இருப்பதே நல்லது என்று எண்ணி, ஓர் இரவில் முழுத் தொகையையும் தம் கைப்பேசியிலுள்ள சொந்த வாலட்டுக்கு அனுப்பிவிட்டார். அனுப்பும்போது எந்த நெட்வொர்க் வழியாக என்று பரிமாற்றகம் கேட்டது. பட்டியலில் கட்டணம் குறைந்ததாகக் கண்ட பி.என்.பி. ஸ்மார்ட் செயினைத் தொட்டார். அவருடைய வாலட்டோ எத்தீரியம் நெட்வொர்க்கை மட்டுமே காட்டுமாறு அமைந்திருந்தது. அனுப்பியாயிற்று என்று பரிமாற்றகம் கூறியது. வாலட் சுழியம் காட்டியது.

மூன்று நாள் உறக்கமில்லை. வீட்டில் சொல்லவும் துணிவில்லை. அறிந்தோர் அறியாதோர் எல்லாரிடமும் உதவி வேண்டி எழுதினார். பத்து நிமிடத்தில் முன்பின் தெரியாத ஒருவர் பதிலளித்தார். தாம் 'மீட்புப் பிரிவு அதிகாரி' என்றும், முன்பணமாக ரூ.15,000 அனுப்பி, வாலட்டைத் திறக்கும் பன்னிரண்டு சொற்களையும் படமெடுத்து அனுப்பினால், அன்றிரவே பணம் திரும்பிவிடும் என்றும் உறுதியளித்தார். அந்தப் பதினைந்தாயிரத்தைத்தான் இவர் நம்மிடம் கேட்டு வந்திருந்தார்.

இங்கே நமது குறையை மறைக்காமல் கூற வேண்டும். உழைத்த பணம், தங்கையின் படிப்பு, கலங்கிய கண்கள் என்று இவையெல்லாம் நம் மனத்தை இளக்கிவிட்டன. சற்றுமுன் காரணமின்றிச் சினந்தோமே என்ற குற்ற உணர்வும் சேர்ந்துகொண்டது. மேசை இழுப்பறையைத் திறந்து பணத்தை எண்ணத் தொடங்கினோம். அந்த நேரத்தில் அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து, நம் மேசை விளக்கின் அடியில் விரித்து, படமெடுப்பதற்காகக் கைப்பேசியை உயர்த்தினார். தாளில் ஆங்கிலச் சொற்கள் பன்னிரண்டு வரிசையாக எழுதப்பட்டிருந்தன.

"இது என்ன, தம்பி?" என்றோம்.

"வாலட்டின் சாவி, ஃபாதர். இது இருந்தால்தான் பணத்தை எடுக்க முடியும்."

"இது வேறு யாரிடமாவது இருக்கிறதா?"

"இல்லை. என்னிடம் மட்டும்தான்."

"சாவி உன்னிடம் இருக்கும்போது, உன் பெட்டியைத் திறக்க அவர் எதற்கு?"

அவர் கையை இறக்கினார். நெடுநேரம் பேசவில்லை. நாமும் இழுப்பறையை மூடினோம். கணினி நுட்பம் நமக்குத் தெரியாது. எந்தப் பாட்டியும் கேட்கக்கூடிய கேள்வியைத்தான் கேட்டோம். அச்சத்தில் மூன்று நாள் தவித்த பிள்ளைக்கு அக்கேள்வியைத் தன்னிடமே கேட்டுக்கொள்ள முடியாமற்போயிற்று.

அன்றிரவும் பின்னர் வந்த நாட்களிலும் அவரிடம் கேட்டும், நாமாகப் படித்தும் அறிந்துகொண்டதை, இத்தகைய பிள்ளைகள் உள்ள பெற்றோருக்காக எளிய சொற்களில் எழுதுகிறோம்.

கிரிப்டோ நாணயம் கைப்பேசிக்குள் இருப்பதன்று. பிளாக்செயின் என்பது ஆயிரக்கணக்கான கணினிகள் ஒரே நேரத்தில் வைத்திருக்கும் ஒரு பொதுக் கணக்கேடு. எந்த முகவரியில் எவ்வளவு உள்ளது என்பது அந்த ஏட்டில் எழுதப்பட்டிருக்கும். வாலட் அவ்வேட்டைப் படித்துக் காட்டும் கண்ணாடி. கூடவே, சாவியைக் காத்து வைக்கும் பை. பிட்காயினின் ஏடு 2009-இல் தொடங்கியது, எத்தீரியத்தின் ஏடு 2015-இல், பி.என்.பி. ஸ்மார்ட் செயினின் ஏடு 2020-இல். இவை தனித்தனி ஏடுகள். ஒன்றில் எழுதியது மற்றொன்றில் தோன்றாது.

எத்தீரியம், பி.என்.பி. ஸ்மார்ட் செயின், பாலிகன் ஆகிய மூன்றும் முகவரியை ஒரே முறையில் உருவாக்குகின்றன. ஆகவே ஒரு சாவிக்கு மூன்றிலும் முகவரி ஒன்றே. மூன்று ஊர்களில் ஒரே தெருப்பெயரும் ஒரே கதவெண்ணும் கொண்ட வீடுகள் இருந்து, மூன்றுக்கும் ஒரே சாவி பொருந்துவதாக எண்ணிக்கொள்ளுங்கள். நமது இளைஞர் அனுப்பிய பணம் சரியான கதவெண்ணுக்கே சென்றது; ஊர்தான் வேறு. அவர் ஓர் ஊரில் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க, பணம் இன்னோர் ஊரில் அவருடைய வீட்டிலேயே பத்திரமாக இருந்தது.

இதைப் புரிந்துகொண்டதும் அவர் கைகள் சுறுசுறுப்பாயின. பரிமாற்றகம் அளித்திருந்த பரிமாற்ற அடையாள எண்ணை எடுத்து, பி.எஸ்.சி.ஸ்கேன் என்னும் ஏட்டுப் பார்வைத் தளத்தில் இட்டார். அவருடைய முகவரியும் 1,800 டெதரும் அங்கே எழுத்து மாறாமல் நின்றன. அடுத்து, வாலட்டின் அமைப்பில் பி.என்.பி. ஸ்மார்ட் செயின் நெட்வொர்க்கைச் சேர்த்து, அதில் டெதரையும் காட்டுமாறு செய்தார். மூன்று நாளாகச் சுழியம் காட்டிய திரையில் தொகை தோன்றியது.

எனினும் அதை உடனே நகர்த்த இயலவில்லை. ஒவ்வொரு நெட்வொர்க்கிலும் அனுப்பும் கட்டணத்தை அதன் சொந்த நாணயத்தில்தான் கட்ட வேண்டும். இங்கு அது பி.என்.பி.; அவர் வாலட்டில் அது துளியும் இல்லை. மறுநாள் பரிமாற்றகத்தில் சில டாலர் மதிப்புக்கு பி.என்.பி. வாங்கி, அதே நெட்வொர்க் வழியாக வாலட்டுக்கு வரவழைத்தார். பிறகு 10 டெதரை மட்டும் பரிமாற்றகத்திற்கு அனுப்பிப் பார்த்து, அது அங்கே கணக்கில் ஏறியதைக் கண்ட பின் மீதியை அனுப்பினார். நம்மிடம் அவர் ஒரு ரூபாயும் பெறவில்லை. 'அதிகாரி'யின் செய்திகள் அன்றும் வந்துகொண்டே இருந்தன. பன்னிரண்டு சொற்களை அனுப்பியிருந்தால், சாவியே அவர் கைக்குப் போயிருக்கும். முன்பணத்தோடு, எல்லா ஊர்களிலும் உள்ள வீடும் ஒரே இரவில் காலியாகியிருக்கும். அதற்கு நாமும் உடன்பட்டவராகியிருப்போம்.

ஒன்று மட்டும் எஞ்சியிருந்தது. "இப்போதாவது அப்பாவிடம் சொல், தம்பி" என்றோம். பணம் திரும்பிவிட்டதே, இனி எதற்கு என்றார். எனினும் சொன்னார். அடுத்த ஞாயிறன்று தந்தை நம்மைக் காண வந்தார். மீன் ஏலக்கூடத்தில் கணக்கு எழுதும் மனிதர், அதிகம் பேசாதவர். "பணம் போயிருந்தாலும் வேறு வழி பார்த்திருப்பேன், சாமி. மூன்று நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றவன், ஒரு வார்த்தை சொல்லவில்லையே" என்றார். நாம் மறுமொழி கூறவில்லை. முதலில் அவனைச் சினந்தவர் நாமே அல்லவா? வீட்டிலும் அத்தகைய சினமே கிடைக்கும் என்று அவன் அஞ்சியதில் வியப்பென்ன?

இத்தகைய பிழைகள் யாவும் இவ்வாறே நல்லபடி முடியும் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. சில மாதங்கள் கழித்து மற்றொரு குடும்பம் நம்மை நாடியது. அவர்கள் மகன் 90 டாலர் மதிப்புள்ள நாணயத்தைத் தன் பரிமாற்றகக் கணக்கிற்கு அனுப்பியிருந்தான். ஆனால் அந்தப் பரிமாற்றகம் ஏற்காத நெட்வொர்க் வழியாக. பரிமாற்றகம் நமக்குத் தரும் முகவரியின் சாவி நம்மிடம் இல்லை, நிறுவனத்திடமே உள்ளது. ஆகவே மீட்பதும் அவர்களால் மட்டுமே இயலும். பரிமாற்ற எண், தேதி, தொகை, நெட்வொர்க் ஆகியவற்றைக் குறித்து முறையாக விண்ணப்பித்தார்கள். மீட்பதற்கான கட்டணம் தொகையைவிட மிகுதி என்று பதில் வந்தது. அப்பணத்தை அவர்கள் விட்டுவிட நேர்ந்தது. தொகை பெரிதாயின் சில நிறுவனங்கள் கட்டணம் பெற்று மீட்டுத் தருவதுண்டு; சில மறுப்பதும் உண்டு.

கற்றறிந்தோரும் இதில் தவறியிருக்கின்றனர். 2022-ஆம் ஆண்டில் ஆப்டிமிசம் என்னும் நெட்வொர்க்கின் அறக்கட்டளை, விண்டர்மியூட் என்னும் வணிக நிறுவனத்திற்கு 2 கோடி ஓ.பி. நாணயங்களை அனுப்பியது. நிறுவனம் தந்த முகவரி, எத்தீரியத்தில் அதற்கு இருந்த கூட்டுப் பெட்டகத்தின் முகவரி. அத்தகைய பெட்டகம் தனிச்சாவி வீட்டைப் போன்றதன்று. ஒவ்வோர் ஊரிலும் புதிதாகக் கட்டினால்தான் உண்டு. ஆப்டிமிசத்தில் அது இன்னும் கட்டப்படவில்லை. வெறும் மனைதான் இருந்தது. நிறுவனம் பிழையைக் கண்டு சரிசெய்வதற்குள், வேறொருவர் அந்த மனையில் பெட்டகத்தை எழுப்பி நாணயங்களைத் தமதாக்கிக்கொண்டார். பிற்பாடு அவர் 1 கோடியே 70 இலட்சம் நாணயங்களைத் திருப்பி அளித்தார். இதில் நாம் கவனிக்க வேண்டியது, முன்னதாகச் சோதனைத் தொகைகளும் அனுப்பப்பட்டிருந்தன என்பதே. தொகை முகவரியில் சேர்ந்ததை மட்டும் பார்த்தார்கள். அதை அங்கிருந்து எடுக்க முடிகிறதா என்று பார்க்கவில்லை.

எனவே, ஒரு பிள்ளை இத்தகைய பிழையோடு வீட்டிற்கு வந்தால் முதலில் கேட்க வேண்டியது ஒன்றே: 'அந்த முகவரியின் சாவி யாரிடம் இருக்கிறது?' பிள்ளையிடம் இருந்து, முகவரி முறையும் ஒன்றாக இருந்தால், பணம் இருக்கிறது, அவசரம் வேண்டாம். நிறுவனத்திடம் இருந்தால், அந்த நிறுவனத்தின் சொந்தச் செயலி வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். எவரிடமும் சாவி இல்லாத முகவரியானால், அது போனதுதான். அதை மீட்டுத் தருவேன் என்பவர் இரண்டாம் முறை ஏமாற்ற வந்தவர்.

பன்னிரண்டு சொற்களை எவருக்கும் கூறலாகாது, படமெடுக்கவும் கூடாது. நேர்மையான எந்த நிறுவனமும் அவற்றைக் கேட்பதில்லை. ஒருவேளை அனுப்பிவிட்டால், எஞ்சிய பணத்தை உடனே புதிய வாலட்டுக்கு மாற்றிவிட்டு, 1930 என்னும் தேசிய இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். புதிய இடத்திற்கு எதை அனுப்பினாலும் முதலில் சிறு தொகை அனுப்பி, அதைத் திரும்ப எடுத்தும் பார்க்க வேண்டும்.

இந்நாணயங்களை வாங்குமாறு நாம் எவருக்கும் கூறவில்லை. நம் நாட்டில் இவை சட்டப்படி செல்லுபடியாகும் பணம் அல்ல. ஆனால் நம் பிள்ளைகள் சிலருக்கு ஊதியமே இவ்வழியில் வரும் காலம் வந்துவிட்டது. அவர்கள் கைப்பேசியில் நடப்பது பெற்றோருக்கு விளங்காமற்போகலாம், அதனால் பாதகமில்லை. பிள்ளை வந்து சொல்லும்போது சினவாமல் கேட்கத் தெரிந்தால் போதும். அந்த இளைஞரின் தங்கை இப்போது மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அன்று நாம் எண்ணிய பணம் இன்னும் அந்த இழுப்பறையில்தான் இருக்கிறது. அதைக் காணும் போதெல்லாம், அடுத்து வாசலில் வந்து நிற்பவரை முதலில் அமரச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று நமக்கு நாமே நினைவூட்டிக்கொள்கிறோம்.