ஒரு காதுக்கு எட்டாத குரல்

கடந்த மாதம் ஒரு மாலைப் பொழுதில், பழைய நேர்காணல் ஒன்றைக் கேட்டு எழுதுவதற்காக ஹெட்போனை மாட்டிக்கொண்டு கணினியின் முன் அமர்ந்தேன். 2003ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் எனது பெரியப்பாவுடன் பதிவுசெய்த உரையாடல் அது. பெரியப்பா வானொலிப் பெட்டி திருத்துபவர். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அதே தொழில். 2014இல் அவர் காலமானார். அவரைப் பற்றி விரிவாக எழுதவேண்டும் என்று பல காலமாக எண்ணியிருந்து, அன்றுதான் அதற்கு நேரம் வாய்த்தது.

இடது காதில் எனது குரல் கணீரென்று ஒலித்தது. நான் ஒரு கேள்வி கேட்கிறேன். அதன் பிறகு நீண்ட மௌனம். அந்த மௌனத்தின் அடியில், கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல் பெரியப்பாவின் குரல் மிக மெலிதாகக் கேட்கிறது. ஒரு சொல்லும் விளங்கவில்லை. பிறகு மீண்டும் நான். வலது காதில் எதுவுமே இல்லை.

இதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தப் பயணத்தின்போது, வானொலியில் பணியாற்றிய நண்பர் ஒருவர் சட்டையில் கொழுவும் சிறிய ஒலிவாங்கிகள் இரண்டை எனக்கு இரவலாகத் தந்திருந்தார். ஒன்று எனக்கு, மற்றையது எதிரில் இருப்பவருக்கு. எனது குரல் இடப்பக்கத் தடத்திலும் அவரது குரல் வலப்பக்கத் தடத்திலும் தனித்தனியாகப் பதியும். ஆகவே வலப்பக்கம் இல்லையென்றால் பெரியப்பாவே இல்லை. எஞ்சியிருப்பது கேள்விகள் மாத்திரம்.

மூன்று சந்தேகங்கள் எழுந்தன. முதலாவது, பதிவே பழுதாகிவிட்டதோ என்பது. அதுதான் என்னை உண்மையில் அச்சுறுத்தியது. மூல ஒலிநாடாவில் பூஞ்சணம் பிடித்து, அதைக் கழித்துப் பல ஆண்டுகளாகிவிட்டன. கணினியில் ஏற்றிவைத்த பிரதி ஒன்றே மிச்சம். இரண்டாவது, எனது வலது காது. ஐம்பதைத் தாண்டிய எவருக்கும் வரக்கூடிய அச்சம் இது. விடயத்தைச் சொன்னதும் மனைவி தயங்காமல் தீர்ப்பு வழங்கினார். "நான் கதைக்கிறதே உங்களுக்குக் கேக்கிறேல்லை. முதல்லை காதைக் கொண்டுபோய்க் காட்டுங்கோ." மூன்றாவது, ஹெட்போன். மகன் அந்தக் கட்சி. "புதுசு ஒண்டு வாங்குங்கோவன் அப்பா."

வாடிக்கையாளர்கள் பழுதடைந்த பெட்டியோடு அதன் காரணத்தையும் தாங்களே சொல்லிக்கொண்டு வருவார்கள் என்று பெரியப்பா சிரிப்பதுண்டு. அவர் அதையெல்லாம் கேட்டுத் தலையாட்டிவிட்டு, வயரையும் ஆளியையும் பற்றரி முனையையும்தான் முதலில் பார்ப்பார். "பெட்டியைத் திறக்கிறது கடைசி வேலை, தம்பி" என்பார். அவரது வழியிலேயே நானும் போனேன்.

ஹெட்போனை வலது இடது மாற்றி மாட்டினேன். மௌனம் இடது காதுக்கு இடம்பெயர்ந்தது. வலது காதில் எனது குரல் தெளிவாகக் கேட்டது. காது தப்பியது. செலவில்லாத இந்தச் சோதனையை முதலில் செய்தால், வைத்தியரிடம் போகும் அவசரம் பலருக்கு மிஞ்சும். அடுத்து, அதே ஹெட்போனைச் சிறிய வானொலிப் பெட்டி ஒன்றில் செருகினேன். வானொலியின் அறிவிப்பாளர் இரு காதிலும் ஒரே மாதிரி ஒலிக்கவேண்டியவர். அங்கும் ஒரு பக்கம் ஊமை. ஆகவே பதிவும் தப்பியது, கணினியும் தப்பியது. வானொலியில் இரண்டு பக்கமும் கேட்டிருந்தால், கணினியில் இடம் வலம் ஒலி அளவைச் சமன்செய்யும் அமைப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறதா என்றும், செருகும் துளைக்குள் பஞ்சும் தூசும் அடைந்து முனை முழுதாக உள்ளே போகாமல் நிற்கிறதா என்றும் பார்த்திருப்பேன். கைத்தொலைபேசியைச் சட்டைப் பையில் வைத்திருப்பவர்களுக்கு இந்த இரண்டாவது தொல்லை அடிக்கடி நேர்வது.

குற்றவாளி ஹெட்போன்தான் என்றான பின்னர், எந்த இடத்தில் என்பதே கேள்வி. வயரைச் செருகுமுனைக்கு அருகில் பிடித்து மெல்ல வளைத்தேன். ஒரு கோணத்தில் "கிர்" என்ற ஓசையுடன் வலப்பக்கம் உயிர்பெற்று, அடுத்த கணமே மறைந்தது. பெரும்பாலான ஹெட்போன்கள் சாவது இங்கேதான். காதுக்குள் ஒலிக்கும் பகுதி எளிதில் கெடுவதில்லை. மடங்கி மடங்கி நிமிரும் வயரின் உள்ளிழைகள் வெளியே தெரியாமல் அறுந்துவிடுகின்றன.

அந்தச் செருகுமுனையை உற்றுப் பார்த்தால் இரண்டு கறுப்பு வளையங்கள் அதை மூன்று பகுதிகளாகப் பிரிப்பது தெரியும். நுனி இடது காதுக்கு. நடுப்பகுதி வலது காதுக்கு. அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவானது. மல்ரிமீற்றரை வைத்து அளந்தேன். நுனிக்கும் அடிக்கும் இடையில் ஏறக்குறைய 32 ஓம். நடுப்பகுதிக்கும் அடிக்கும் இடையில் தொடர்பே இல்லை. வயரை வளைத்துப் பிடித்தபோது மாத்திரம் அங்கும் அதே 32 வந்து போனது. நோய் உறுதியாயிற்று.

மறுநாள் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போய்ப் புதிய செருகுமுனை ஒன்று வாங்கிவந்தேன். பழையதை, முறிவுக்குச் சற்று மேலாக வெட்டி நீக்கினேன். உள்ளே சிவப்பு வலது காதுக்குரியது, பச்சை இடது காதுக்குரியது, செம்பு நிறம் பொதுவானது. எல்லா நிறுவனங்களும் இந்த நிறங்களைக் கடைப்பிடிப்பதில்லை. ஆகவே மீற்றர் வைத்து உறுதிசெய்துகொள்வது நல்லது. அந்த நிறம் வெறும் அலங்காரமல்ல, மின்சாரம் கடக்காத பூச்சு. அதைத் தீய்த்து அகற்றாமல் ஈயம் வைத்தால் ஒட்டியதுபோல் தோன்றும், ஒலி வராது. சூடான கோலின் முனையில் ஒரு துளி ஈயத்தை உருக்கி, இழையின் நுனியை அதற்குள் சில விநாடிகள் பிடித்தால் பூச்சு எரிந்து செம்பில் ஈயம் ஏறும்.

மூன்று இழைகளையும் ஒட்டி முடித்துப் பெருமையோடு நிமிர்ந்தபோதுதான், செருகுமுனையின் மேல்மூடி மேசையில் கிடப்பதைக் கண்டேன். ஒட்டுவதற்கு முன்பே அதை வயரில் கோத்திருக்கவேண்டும். மூன்றையும் கழற்றி மறுபடி ஒட்டினேன். பெரியப்பா இருந்திருந்தால் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். மூக்குக் கண்ணாடிக்கு மேலால் ஒருமுறை பார்த்திருப்பார், அவ்வளவுதான்.

இரவு பதிவை மீண்டும் ஓடவிட்டேன். வலது காதில், பத்து வருடங்களுக்கு மேலாகக் கேட்டிராத குரல்.

1990 முதல் 1995 வரை குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சில்லைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் சனங்கள் செய்தி கேட்டார்கள். வானொலியை அதற்கேற்ப மாற்றிக் கொடுப்பதே அவருக்கு அந்நாட்களில் முக்கிய வேலை. அதையெல்லாம் விரிவாகச் சொல்லிவிட்டு, 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்தைவிட்டு எல்லோரும் வெளியேறிய இரவுக்கு வருகிறார். அப்போது நான் குறுக்கிடுகிறேன். "கடையைத் திரும்ப எப்ப திறந்தனீங்கள்?"

2003இல் இதே பதிவைச் சிறிய ஒலிபெருக்கி ஒன்றில் போட்டுக் கேட்டுத்தான் பத்திரிகைக்கு எழுதினேன். இரண்டு குரலும் ஒன்றாகக் கலந்து வந்ததில் எனது குரலே மேலோங்கியிருந்தது. இப்போது குரல்கள் தனித்தனிக் காதில். என் கேள்வி இடப்பக்கம் ஒலித்துக்கொண்டிருக்க, வலப்பக்கத்தில் அவர் நிறுத்தாமல் பேசிக்கொண்டிருப்பது புலப்பட்டது. இடது பக்கத்தைக் காதிலிருந்து தள்ளிவிட்டு, அந்த இடத்தை நாலைந்து தடவை கேட்டேன்.

"...திருத்திவைச்ச பதினொரு றேடியோ. சாக்கிலை கட்டிச் சைக்கிள்லை வைச்சுத்தான் உருட்டிக்கொண்டு போனனான். ஆக்கள் வந்து கேட்டால் குடுக்கவேணுமெல்லே. ஒருத்தரும் வரேல்லை."

அதன் பிறகு ஒரு சிறு இடைவெளி. பின்னர் என் கேள்விக்குரிய பதிலைப் பணிவாகச் சொல்கிறார். "தொண்ணூற்றாறு ஆனி மாதம், தம்பி."

அன்று வெளிவந்த எனது கட்டுரையில் கடை திறந்த மாதமும் வருடமும் பிழையின்றி இருக்கின்றன. பதினொரு வானொலிப் பெட்டிகள் இல்லை. அவை பிறகு என்னவாயின என்று கேட்பதற்குப் பெரியப்பாவும் இல்லை, பெரியம்மாவும் இல்லை.

பத்திரிகைத் தொழிலுக்கு வந்த இளையவர்களுக்கு எப்படிக் கேள்வி கேட்பது என்று பல தடவை வகுப்பெடுத்திருக்கிறேன். அந்த ஒலிப்பதிவின் பிரதியொன்றை இனி வகுப்புக்கு எடுத்துச்செல்வதாக இருக்கிறேன், திருத்திய ஹெட்போனோடு.