ராத்தாவுக்குப் பக்கத்தில்

ஒரு கல்யாண வீட்டில் என் ராத்தாவைத் தெரியாதவள் போல நான் நடந்துகொண்டேன். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

ராத்தாவின் மகனுக்கு அப்போது மூன்று வயது. சஹன் வைத்து எல்லோரும் உட்கார்ந்த நேரம், அவன் நிலத்தில் விழுந்து கத்தத் தொடங்கினான். பக்கத்தில் வந்த பிள்ளையின் கையையும் கடித்துவிட்டான். "அடிச்சி வளக்காத புள்ள இப்பிடித்தான்" என்றார் ஒரு மாமி. "வாப்பா வெளிநாட்டுல, செல்லம் கூடிப் போச்சி" என்றார் இன்னொருவர். என் வகுப்புத் தோழிகள் இருவர் அங்கே இருந்தார்கள். நான் தண்ணீர் எடுக்கப் போகிறவள் போல மெல்ல எழுந்து அப்பால் போய்விட்டேன். ராத்தா ஒரு தடவை என்னைத் தேடிப் பார்த்தார். பிறகு மகனைத் தூக்கிக்கொண்டு, சாப்பிடாமலேயே ஓட்டோவில் ஏறிவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் எந்த வீட்டு விசேசத்துக்கும் போகவில்லை. பெருநாளன்றும் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்.

உம்மும்மா கண்ணூறு என்றார். தண்ணீர் ஓதிக் கொடுத்தோம். ஓதியதில் பிழையில்லை, அதோடு நின்றதுதான் எங்கள் பிழை. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையைப் பார்க்க வந்த மிட்வைஃப் மிஸ்தான், இவன் கத்துவதைக் கேட்டு எங்கள் வீட்டுக்குள் வந்தார். கிளினிக் கொப்பியைப் புரட்டிவிட்டு, "எத்தனை சொல் பேசுறார்?" என்று கேட்டார். நாங்கள் விரல் விட்டு எண்ணினோம். இரண்டு வயதில் பிள்ளைகள் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசத் தொடங்குவார்களாம். இவன் மூன்று வயதாகியும் சேர்க்கவில்லை.

வைத்தியசாலையில் முதலில் காதைச் சோதித்தார்கள். அடிக்கடி தடிமன் வந்ததில் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கியிருந்தது. தண்ணீருக்குள் தலையை வைத்துக்கொண்டு கேட்பது போலத்தான் அவனுக்கு எங்கள் பேச்சு கேட்டிருக்கிறது. நாங்கள் சொன்னது அவனுக்கு விளங்கவில்லை. தனக்கு வேண்டியதைச் சொல்லவும் தெரியவில்லை. மிச்சம் இருந்தது கத்துவதும் கடிப்பதும்தான். எல்லாப் பிள்ளைக்கும் காரணம் இதுவாக இருக்காது என்றும் டொக்டர் சொன்னார். ஆனால் காரணம் தேடாமல் தாயைக் குறை சொல்வது மட்டும் எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

காதுக்கு மருத்துவமும் பேச்சுப் பயிற்சியும் தொடங்கின. ஆனால் டொக்டர் மகனைவிட ராத்தாவோடுதான் அதிக நேரம் பேசினார். தினமும் பத்து நிமிடம் அவன் விரும்பிய விளையாட்டை அவனோடு விளையாட வேண்டும். நல்லதைச் செய்தால், "செருப்ப எடுத்து வச்சிட்டீங்களே!" என்று செய்ததைச் சொல்லியே பாராட்ட வேண்டும். ஒன்றை நிறுத்தப் போகிறோம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். போனுக்காகக் கத்தினால் கொடுக்கக் கூடாது, அடிக்கவும் கூடாது. காயப்படாமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருந்தால் போதும். "முதல்ல இன்னும் கூடும். பயப்படாதீங்க" என்றும் சொல்லியனுப்பினார்.

உண்மையிலேயே கூடியது. நான்காம் நாள் அவன் அழுத அழுகையில் உம்மும்மா மனம் இளகி, "பாவம் புள்ள" என்று போனை எடுத்துக் கொடுத்துவிட்டார். இன்னும் கொஞ்சம் பலமாகக் கத்தினால் கிடைக்கும் என்று அவன் படித்துக்கொண்டான். ராத்தா குசினி வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அடிச்சாலும் பேசுறீங்க, அடிக்காட்டியும் பேசுறீங்க. நான் என்னதான் செய்யிற?"

எங்களில் ஒருவருக்கும் பதில் வரவில்லை. எனக்குக் கல்யாண வீட்டில் அவர் என்னைத் தேடிய பார்வை ஞாபகம் வந்தது.

அன்று முதல் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. அவன் கத்தத் தொடங்கினால் உம்மும்மாவைப் பின் விறாந்தைக்குக் கூட்டிப்போய், வெற்றிலை இடித்துக் கொடுத்துக் கதை கேட்பது. பேரனைவிட உம்மும்மாவைச் சமாளிப்பதுதான் கஷ்டம்! அஸருக்குப் பிறகு அரை மணி நேரம் அவனை நான் பார்த்துக்கொள்வேன். ராத்தா அந்த நேரம் பெரும்பாலும் தூங்குவார். உம்மா, வருகிறவர்களிடம் "அவனுக்குக் காதுல வருத்தம், பாத்துக்கிட்டிருக்கம்" என்று சொல்லப் பழகினார். அந்த ஒரு வசனம் எத்தனையோ புத்திமதிகளை வாசலிலேயே நிறுத்தியது.

நபி (ஸல்) அவர்கள் ஸுஜூதில் இருக்கையில் பேரப்பிள்ளை முதுகில் ஏறிக்கொள்ள, அது இறங்கும்வரை ஸுஜூதை நீட்டினார்கள் என்று இஸ்லாம் பாடத்தில் படித்திருக்கிறோம். குழந்தை அழும் சத்தம் கேட்டால் தொழுகையைச் சுருக்கிக்கொள்வார்கள் என்றும் படித்தோம். பரீட்சைக்காக இரண்டையும் பாடமாக்கியிருந்தேன். தொழுகையைச் சுருக்கியது தாய்க்குக் கஷ்டமாகிவிடும் என்பதற்காக என்ற பகுதியை, இவையெல்லாம் நடந்த பிறகுதான் கவனித்தேன்.

இப்போது அவனுக்கு நான்கரை வயது. "சாச்சி, தண்ணி தாங்க" என்கிறான். இன்னமும் சில நாட்களில் நிலத்தில் விழுகிறான்தான். போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு ராத்தாவும் வந்தார். ஒலிபெருக்கிச் சத்தத்தில் அவன் காதைப் பொத்தியதும், நான் அவனை வெளியே மாமரத்தடிக்குக் கூட்டிப்போனேன். ஐந்து நிமிடம் கத்தினான். பிறகு இருவரும் மாவிலைகளை எண்ணினோம். உள்ளே எட்டிப் பார்த்தேன். ராத்தா சஹனில் உட்கார்ந்து, சோறு ஆற முன்னர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.