ஆறு வோல்ட் வண்டி

நாவல் எழுதுகிறவனுக்குக் கையால் செய்கிற வேலை ஒன்று அவசியம் இருக்க வேண்டும் என்பது என் டாக்டரின் அபிப்பிராயம். தோட்டம் போடும்படி சொன்னார். எங்கள் வீட்டில் தோட்டம் என் மனைவியின் ராஜ்யம். அங்கே எனக்குக் குழாயைத் திறந்து மூடும் உத்தியோகம் மட்டுந்தான் உண்டு. ஆகவே, எழுபது வயதைத் தாண்டிய மோட்டார் வண்டி ஒன்றை விலைக்கு வாங்கினேன். டாக்டர் இதை எதிர்பார்க்கவில்லை.

வண்டி 1952-ஆம் வருஷத்து வில்லிஸ் ஸ்டேஷன் வாகன். ஜீப் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த ஜீப் கல்யாணம் செய்துகொண்டு, பிள்ளை குட்டி பெற்று, தலைக்கு மேல் கூரையும் போட்டுக் கொண்டால் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கும் இந்த வண்டி. முன்னே அதே முரட்டு முகம். பின்னே மூட்டை முடிச்சு, பாட்டி, பேரன், பலாப்பழம் எல்லாவற்றுக்கும் இடம்.

இதன் பூர்வோத்தரம் சுவையானது. 1945-இல் யுத்தம் முடிந்தது. பட்டாளத்துக்கு ஜீப் செய்து கொடுத்துக்கொண்டிருந்த அமெரிக்க வில்லிஸ் கம்பெனிக்கு இனிமேல் ஊர் ஜனங்களுக்கு ஏதாவது விற்றாக வேண்டிய நிலை. ஆனால் அதனிடம் மோட்டார் உடல் அடிக்கிற பெரிய யந்திரங்கள் இல்லை. வீட்டுச் சாமான்களுக்குத் தகடு அடிக்கிறவர்களிடம்தான் போக முடிந்தது. அவர்களுடைய யந்திரங்களோ தகட்டில் ஆறு அங்குலத்துக்கு மேல் குழிவு கொடுக்க மாட்டா. புரூக்ஸ் ஸ்டீவன்ஸ் என்ற சித்திரக்காரர் அந்த ஆறு அங்குலத்துக்குள்ளேயே ஒரு வண்டியைக் கற்பனை செய்தார். அதனால்தான் வண்டியில் வளைவு நெளிவு அதிகம் இல்லை. எங்கே தட்டினாலும் தட்டையான தகடு.

அதற்கு முன்னால் ஸ்டேஷன் வாகன் என்றாலே மரத்தால் கட்டிய உடல்தான். மழையில் ஊறும், வெயிலில் வெடிக்கும், அவ்வப்போது வார்னிஷ் கேட்கும். 1946-இல் வந்த வில்லிஸோ முழுவதும் எஃகு. ஆனாலும் மரத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இரும்பு பிடிக்குமா? ஆகவே எஃகுத் தகட்டின் மேலேயே பழுப்பும் பாலேட்டு நிறமும் தீட்டி, மரச்சட்டம் போலத் தோன்றும்படி செய்துவிட்டார்கள். இரும்பு பீரோவுக்குத் தேக்கு வரி போட்டு, அதைத் தேக்கு என்றே நம்பிக் கற்பூரம் காட்டுகிற நாம் இதைப் பற்றிச் சிரிப்பதற்கில்லை. 1949-இல் இதே வண்டிக்கு நாலு சக்கரத்திலும் இழுப்புக் கொடுத்தார்கள். மலைக்காரர்களுக்கு உபயோகப்பட்டது அப்புறந்தான்.

என் வண்டி மலைக்கார வண்டி. கோத்தகிரிப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வந்து, முதல் இருபது வருஷம் எஜமானர் குடும்பத்தைச் சுமந்தது. அடுத்த முப்பது வருஷம் கொழுந்து மூட்டையைச் சுமந்தது. பிறகு இருபது வருஷம் கொட்டகையில் கோழிகளைச் சுமந்தது. முதல் எஜமானரின் மகள்தான் எனக்கு விற்றவர். எழுபத்தெட்டு வயது. விலை பேசும்போது அவர் கெஞ்சவும் இல்லை, மிஞ்சவும் இல்லை. ஒன்று மட்டும் சொன்னார்: "தம்பி, ஓடுகிற மாதிரி செய்யுங்கள். நிறுத்தி வைக்கத்தான் என்றால் இங்கேயே நிற்கட்டும். கோழிகளாவது இருக்கும்."

லாரியில் ஏற்றிக் கோயம்புத்தூருக்குக் கொண்டு வந்தேன். என் மெக்கானிக்கை ஊரெல்லாம் பாய் என்று கூப்பிடுகிறது, நானும் அப்படியே. அவர் வண்டியைச் சுற்றி மூன்று தரம் வந்தார். குனிந்து பார்த்தார். முன் மூடியைத் திறந்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"டீசல் வச்சிருக்காங்க, சார்."

இந்த விஷயத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். 1952 வில்லிஸில் இருந்தது 'ஹரிக்கேன்' என்ற நாலு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். ஏறக்குறைய 2.2 லிட்டர், 72 குதிரைச் சக்தி. காற்றை உள்ளே வாங்கும் வால்வு தலையிலும், புகையை வெளியே தள்ளும் வால்வு இடுப்பிலுமாக அமைந்த விசித்திரமான எஞ்சின். 1973-க்குப் பிறகு பெட்ரோல் விலை ஏறியது. ஊர் ஊராக ஜீப்புகளின் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டிராக்டர் டீசல் எஞ்சினை வைக்க ஆரம்பித்தார்கள். அப்படி வைக்காதிருந்தால் அந்த ஜீப்புகளில் பாதி, பழைய இரும்புக்காரர் கடைக்குப் போயிருக்கும்.

"எனக்குப் பத்தொன்பது வயசிலே இந்த வேலைதான் சார் பார்த்தேன்," என்றார் பாய். "எத்தனை வண்டிக்கு வச்சிருப்பேன்னு கணக்கே இல்லை. பெட்ரோல் எஞ்சினை எடைக்குப் போட்டோம். இப்ப நீங்க அதையே தேடிக் கொண்டு வந்து வைக்கச் சொல்லப் போறீங்க."

நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். ஐம்பது வருஷ காலம் வண்டியை உயிரோடு வைத்திருந்தது அந்த டீசல் எஞ்சின். அதைத் தூக்கி எறிவது, ஆபத்துக் காலத்தில் வந்து குடும்பத்தைத் தாங்கிய ஒன்றுவிட்ட மாமாவை, வீடு வெள்ளையடித்ததும் வாசலுக்கு அனுப்புவது மாதிரி. கடைசியில் முடிவு செய்தவர் பாய்தான். டீசலின் உதறல் தாங்காமல் எஞ்சின் உட்கார்ந்திருந்த இடத்தில் அடிச்சட்டம் இரண்டு இடங்களில் விரிசல் விட்டிருந்தது. விளக்கை வைத்துக் காட்டினார். "மாமா இருந்தால் வீடு இடிஞ்சிரும் சார்," என்றார். நான் சொன்ன உவமையை இவ்வளவு சீக்கிரம் என்மேலேயே திருப்புவார் என்று நினைக்கவில்லை.

பெட்ரோல் எஞ்சினுக்காகச் சென்னைப் புதுப்பேட்டைக்குப் போனோம். ஒரு சௌகரியம் என்னவென்றால், பம்பாயில் மஹிந்திரா கம்பெனியார் 1947 முதல் ஜீப்பை இந்த நாட்டில் பூட்டி விற்றார்கள். பிற்பாடு இங்கேயே செய்தார்கள். அவர்களுடைய பெட்ரோல் ஜீப்பிலும் இதே ஹரிக்கேன் எஞ்சின்தான். ஆகவே அமெரிக்காவுக்குக் கடுதாசி போடவேண்டிய அவசியம் இல்லை. புதுப்பேட்டையில் நாலு சந்து நடந்தால் போதும். நாங்கள் பதினொரு சந்து நடந்தோம். பன்னிரண்டாவதில், பஸ் ஸ்பிரிங் பட்டைகளுக்கு அடியில், எண்ணெய்ப் பிசுக்குப் போர்த்திக் கிடந்தது. பாய் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார். பிறகு பேரம் பேச ஆரம்பித்தார். அந்தப் பேரத்தை நான் எழுத மாட்டேன், தொழில் ரகசியம்.

முன் அச்சு வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. முன் சக்கரம் திரும்பவும் வேண்டும், சுழன்று இழுக்கவும் வேண்டும். இரண்டு வேலையும் நடக்கும் கணுவைச் செம்பைக் கவிழ்த்தாற்போல ஓர் இரும்பு உருண்டை மூடியிருக்கிறது. அதன் விளிம்பைச் சுற்றி ஒரு கம்பளி வளையம். உள்ளே கிரீஸ் வெளியே வராமலும், வெளியே சேறு உள்ளே போகாமலும் காப்பது அந்தக் கம்பளிதான். இவ்வளவு பெரிய இரும்புப் பிராணி கழுத்தில் மப்ளர் கட்டியிருக்கிறதே என்று எனக்கு ஆச்சரியம். எங்கள் வண்டியில் மப்ளர் மக்கிப் போய்த் தண்ணீர் புகுந்து, தாங்கு குண்டுகளெல்லாம் துருப்பிடித்திருந்தன. ஐந்து ஞாயிற்றுக்கிழமை மண்ணெண்ணெயும் தகர பிரஷ்ஷுமாக உட்கார்ந்து கழுவினேன். அந்த ஐந்து வாரமும் ஒரு வரி எழுதவில்லை. தூக்கம் நன்றாக வந்தது. டாக்டரிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளாமலும் ஒத்துக்கொண்டார்.

கியர்த் தண்டுக்குப் பக்கத்தில் இரண்டு சின்னத் தண்டுகள் உண்டு. ஒன்று முன் சக்கரங்களை இழுப்பில் சேர்க்கும்; மற்றது வேகத்தைக் குறைத்து வலுவைக் கூட்டும். தார் ரோட்டில் முன் சக்கரத்தைச் சேர்க்கக்கூடாது. வண்டி வளைந்து திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டியிருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிட்டால், ஏதாவதொன்று வழுக்கித்தான் கணக்கைச் சரிசெய்ய முடியும். சேற்றில் வழுக்கலாம், தாரில் வழுக்க இடமில்லை, பல்சக்கரங்கள்தான் முறுக்கிக் கொள்ளும்.

பிறகு டிங்கர் வந்தார். இங்கேதான் சங்கடம் முளைத்தது.

பின் சக்கரத்துக்கு மேலே, உட்புறத் தகட்டின் கீழ்ப்பாதியைத் துரு தின்றிருந்தது. சக்கரம் வாரியடித்த சேறு உள்ளே அடைந்து வருஷக் கணக்காக ஈரம் காத்திருந்ததன் பலன். டிங்கருக்கு இது ஒரு பிரச்னையே இல்லை. தட்டையான தகடுதானே? "முழுசா வெட்டிட்டுப் புதுத் தகடு வச்சுடலாம் சார், அரை நாள் வேலை," என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆறு அங்குல யந்திரத்தில் பிறந்த வண்டி. எந்தப் பட்டறையிலும் அதற்கு அங்கம் செய்து விடலாம்.

ஆனால் அந்தத் தகட்டின் மேல்பாதியில் ஆணியால் கீறிய எழுத்துக்கள் இருந்தன. நாலு பெயர்களின் முதலெழுத்து. ஒவ்வொன்றின் கீழும் வரிசையாகக் கோடுகள். பால்காரர் கணக்கு மாதிரி. அம்மாளுக்குப் போன் செய்து கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் காதிலிருந்து போனை எடுக்க வேண்டியதாயிற்று. மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் மலைப்பாதையில் குழந்தைகள் வாந்தி எடுத்த கணக்காம் அது. ஒரு வாந்திக்கு ஒரு கோடு. அம்மாளின் எழுத்துக்குக் கீழே முப்பத்தொன்று. "எல்லாரிலும் நான்தான் ஜெயித்தேன்," என்றார். கடைசி எழுத்துக்குக் கீழே ஏழு கோடுதான் இருந்தது. அவருக்கு மட்டும் மலைப்பாதை ஒத்துக்கொண்டதா என்று கேட்டேன். சற்று நேரம் பதில் இல்லை. "சின்னவன் ஆறு வயசுக்கு மேல் இருக்கவில்லை, தம்பி. டிப்தீரியா," என்றார்.

டிங்கரிடம் போய், துருப்பிடித்த கீழ்ப்பட்டையை மட்டும் வெட்டி ஒட்டுப் போடும்படி சொன்னேன். மேல்பாதியில் உப்புத்தாள் படக்கூடாது, வர்ணமும் படக்கூடாது. அரை நாள் வேலை நாலு நாள் ஆயிற்று. பழைய நிறமும் புது நிறமும் சேருமிடம் கண்ணை உறுத்துகிறது. பழைய வண்டிகளில் அபிமானமுள்ள நண்பர் ஒருவர் பார்த்துவிட்டு, "கண்காட்சியில் இதற்கே பத்து மார்க் குறைத்து விடுவார்கள்," என்றார். அவர் நல்லவர். வண்டியை 'வின்டேஜ்' என்று பதிவு செய்யும்படியும் யோசனை சொன்னார்.

2021-இல் மத்திய அரசு இதற்கென்று விதி செய்திருக்கிறது. ஐம்பது வயதைத் தாண்டி, அடிச்சட்டம், உடல், எஞ்சின் ஆகியவை பெரிய மாறுதலின்றி மூல ரூபத்தில் இருக்கும் சொந்த வண்டிகளுக்கு அந்தக் கௌரவம் கிடைக்கும். கௌரவத்தோடு ஒரு நிபந்தனையும் வரும்: கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்ற காரியங்களுக்குத்தான் ரோட்டில் போகலாம், அன்றாடப் போக்குவரத்துக்கு ஆகாது. நல்ல விதிதான், பல அருமையான வண்டிகளைக் காப்பாற்றும். ஆனால் கத்தரிக்காய் வாங்கப் போகக்கூடாத குடும்ப வண்டி என்ன குடும்ப வண்டி? ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை சோதனைக்குக் கொண்டுபோய், சாதாரண வண்டியாகவே புதுப்பித்துக் கொள்வது என்று தீர்மானித்தேன். டீசல் என்றிருந்த ஆர்.சி. புத்தகத்தை மறுபடி பெட்ரோலாக்க அனுமதி வாங்கிய கதை தனி நாவல். அதை எழுதும் உத்தேசம் இல்லை.

மின்சாரம் மட்டும் பாக்கி. 1952-இல் இந்த வண்டிக்கு ஆறு வோல்ட்டுதான். பன்னிரண்டு வோல்ட்டில் செய்கிற வேலையை ஆறு வோல்ட்டில் செய்ய இரண்டு பங்கு மின்னோட்டம் வேண்டும்; அதற்குத் தக்க தடித்த கம்பி வேண்டும். பாய் ஏறக்குறைய சுண்டுவிரல் கனத்துக்குத் தாமிரக் கம்பி போட்டார். விளக்கு எரிந்தது. "அகல் விளக்கு மாதிரி இருக்கே," என்றாள் என் மனைவி. இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடுவது என்று எங்களுக்குள் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது.

சென்ற ஐப்பசியில் கோத்தகிரிக்கு ஏறினோம். பாய் முன்னால், என் மனைவி பின்னால். தோட்டத்துக்குப் பிரியும் மண் பாதை மழையில் கூழாகியிருந்தது. பாய் ஜாடை காட்டினார். சின்னத் தண்டைத் தள்ளினேன். கம்பளி கட்டிய முன் சக்கரங்கள் ஒரு தரம் முனகிவிட்டு, வண்டியை அந்தக் கூழிலிருந்து எடுத்துக் கொடுத்தன. கொட்டகை வாசலில் நிறுத்தினேன். கோழிகள் எங்களை அடையாளம் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.

அம்மாளும் அவர் பேத்தியும் மேட்டுப்பாளையம் வரை வருவதாக ஏறிக்கொண்டார்கள். பேத்திக்கு எட்டு வயது. இறங்கும்போது வைப்பர் நன்றாக வேலை செய்தது. ஏறும்போது செய்யாது. எஞ்சின் காற்றை உறிஞ்சும் இழுப்பில் ஓடுகிற வைப்பர் அது. ஆக்சிலேட்டரை அழுத்தினால் இழுப்பு குறைந்து, மழை வலுக்கிற சமயம் பார்த்து நடுக்கண்ணாடியில் நின்றுவிடும். இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து, "நிறுத்துங்கள், நிறுத்துங்கள்," என்று குரல். ஓரமாக நிறுத்தினோம். குழந்தை இறங்கி, ரோட்டோரத்தில் காரியத்தை முடித்துக்கொண்டு, முகம் கழுவி, வெளுத்துப்போய் ஏறி உட்கார்ந்தாள்.

அம்மாள் கொண்டையிலிருந்து ஊசி ஒன்றை உருவி, பேத்தியிடம் கொடுத்தார். பாய் திரும்பிப் பார்த்தார். எங்கே கீறப்போகிறாள் என்றுதான் அவருக்குக் கவலை.

"பழைய வர்ணத்திலே, பாப்பா," என்றார். "புது வர்ணத்திலே வேண்டாம்."