கடலுணவின் துணைவன்

பிரான்சு தேசத்தின் மேற்கே, லுவார் நதி அத்திலாந்திக் சமுத்திரத்தை அணுகும் திசையில் அமைந்துள்ளது நாந்து மாநகரம். ஆங்கிருந்து கிளிசோன் என்னும் பழம்பதியை நோக்கிப் புகையிரதத்தில் ஏறினால், நகரம் மறைந்த சிறிது நேரத்தில் முந்திரிகைத் தோட்டங்கள் நம்மைச் சூழ்ந்துகொள்கின்றன. இடையே வரும் ல பலே என்னும் சிற்றூர், 1079ஆம் ஆண்டில் அபெலார் என்னும் தத்துவஞானி பிறந்த இடமாகும். செவ்ர், மேன் என்னும் சிற்றாறுகள் பாயும் இந்நிலத்தில் விளையும் வெள்ளை மதுவே முஸ்கதே. 1936ஆம் ஆண்டிலேயே இப்பகுதியின் மதுவுக்குச் சட்டப் பாதுகாப்புக் கிட்டிற்று.

இம்மதுவின் வரலாறு ஒரு பேரழிவோடு பிணைந்தது. 1709ஆம் ஆண்டின் கடுங்குளிர் இங்கிருந்த கொடிகளைக் கருக்கிவிட்டது. அக்காலத்தில் நம் இலங்கைக் கரையோரங்களை ஆண்ட ஒல்லாந்தரே நாந்துத் துறைமுகத்திலும் பெருவணிகராய் விளங்கினர். பிராந்தி வடிப்பதற்கு அவர்கள் வேண்டியது மணமிக்க மதுவன்று. மலிவான வெள்ளை மதுவே. ஆதலின் உழவர், பர்கண்டி நாட்டிலிருந்து வந்த, குளிரைத் தாங்கவல்ல மெலோன் என்னும் இனத்தையே எங்கும் நட்டனர். இதன் இலை வட்டமானது. பழமோ தனக்கெனப் பெருமணம் இல்லாதது.

அவ்வெளிமைக்குச் சுவையூட்டும் உபாயத்தையும் இவ்வூரார் கண்டனர். சாறு புளித்து மதுவானதும், அடியில் படியும் மதுவத்தின் மண்டியை அகற்றாது, பனிக்காலம் முழுவதும் அதன்மேலேயே மதுவை உறங்கவிடுகின்றனர். இவ்வாறு செய்த மதுவை மார்ச்சு மாதம் முதலாந் திகதிக்கு முன்னர் போத்தலில் அடைத்தல் கூடாதென்பது விதி. மண்டி மதுவுக்குச் சற்றே திரட்சியைத் தருகின்றது. நாவில் மெல்லிய துடிப்பொன்றும் எஞ்சுகின்றது.

இனி, உணவு. பக்கத்துக் கடலில் எடுத்த சிப்பியை ஓடு திறந்து பச்சையாகவே பரிமாறுவர். அதன் உப்பையும் கடல் வாசனையையும் கெடுக்காது, தேசிக்காய்ச் சாறு பிழிந்தாற்போல வாயைத் துலக்குவது முஸ்கதே. மணமும் இனிப்பும் மிகுந்த மதுவாயின் சிப்பியின் சுவை மறைந்துவிடும். லுவார் ஆற்றுமீனுக்கு இவ்வூரார் வெண்ணெய்க் குழம்பொன்று சமைப்பர்: சின்ன வெங்காயத்தை வினாகிரியிலும் வெள்ளை மதுவிலும் வற்றக் காய்ச்சி, இளஞ்சூட்டில் வெண்ணெயைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அடிப்பர். அக்குழம்பின் கொழுப்பை அறுப்பதற்கும் இம்மதுவின் புளிப்பே ஏற்றது. கடற்கரையோரத்தில் கெராந்து உப்பளங்களும் இருத்தலின், மீனும் உப்பும் மதுவும் ஒரே நாட்டிலிருந்தே மேசைக்கு வந்துசேர்கின்றன.

ஆயினும் உழவர் நெஞ்சில் அமைதியில்லை. மெலோன் கொடி பனிக்காலக் குளிரைப் பொறுக்கும்; ஆனால் முந்தியே துளிர்க்கும் இயல்புடையது. பூமி வெப்பமாகுந்தோறும் துளிர் மேலும் முந்துகின்றது. அப்போது ஓரிரவு உறைபனி வீழ்ந்தாலும் வருடத்தின் விளைவு போய்விடும். 1991, 2008, 2021 ஆகிய ஆண்டுகளின் வசந்தத்தில் இவ்விடர் நேர்ந்தது. ஏப்ரல் இரவுகளில் கொடிகளினிடையே தீபங்கள்போல் நெருப்பு மூட்டி, உழவர் விடியும்வரை காவலிருக்கின்றனர். இவ்வளவு பாடுபட்டும் இம்மது மலிவானதென்றே பெயர் பெற்றமையால், நட்டத்தைத் தாங்கும் வலிமை சிறு தோட்டக்காரருக்கு அரிது.

தன்னை முன்னிறுத்தாது பக்கத்திலிருப்பதன் சுவையைத் துலக்குவதே முஸ்கதேயின் சிறப்பு. அவ்வியல்பை விலையால் மட்டும் அளந்து எளிதென்று ஒதுக்கினால், கொடியைக் காக்க இரவில் விழித்திருப்போர் ஒருநாள் இல்லாதொழிவர். அன்று சிப்பி இருக்கும், அதன் துணை இராது.