பெயிலானால் பாஸ்!

ஆபீஸில் ஃபாரம் நிரப்புவதில் நான் கில்லாடி. லோன், எல்.டி.சி., பி.எஃப். அட்வான்ஸ்... யாருக்கு எது வேண்டுமானாலும் என் மேஜைக்குத்தான் வருவார்கள். 2023-ல் என் மனைவிக்காக ஒரு ஃபாரம் நிரப்ப உட்கார்ந்தேன். மூன்று நாள் ஆயிற்று!

அவள் 22 வருஷம் தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். பால் கணக்கு, சீட்டுக் கணக்கு எல்லாம் வாயாலேயே போட்டுவிடுவாள். 49 வயதில் ஒரே மாதத்துக்கு இரண்டு தடவை பால் பணம் கொடுத்தாள். (பால்காரர் நல்ல மனுஷர், திருப்பிக் கொடுத்துவிட்டார்.) அப்புறம் ஒரு நாள் பழவந்தாங்கலில் இறங்க வேண்டியவள் தாம்பரம் வரை போய், பிளாட்ஃபாரத்தில் உட்கார்ந்துகொண்டு போன் செய்தாள்.

"என்னங்க, நம்ம ஸ்டேஷனைக் காணோம்!"

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் உறுத்துகிறது.

தைராய்டு, டென்ஷன், தூக்கமின்மை என்று ஒரு வருஷம் சுற்றிவிட்டுத்தான் நரம்பியல் டாக்டரிடம் போனோம். ஸ்கேன் பார்த்தார். "அல்சைமர்" என்றார்.

"அது வயசானவங்களுக்குத்தானே வரும் சார்?"

"65-க்கு முன்னாடியும் வரும் சார்."

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். 1901-ல் ஃபிராங்ஃபர்ட்டில் டாக்டர் அல்சைமர் பார்த்த அந்த முதல் பேஷன்ட்டுக்கே வயது 51-தான். அகஸ்டே என்று பெயர். புருஷன் ரயில்வே குமாஸ்தா. ஆஸ்பத்திரிச் செலவு கட்டுப்படியாகவில்லை, செலவு குறைந்த இடத்துக்கு மாற்றுங்கள் என்று கேட்டிருக்கிறார். பாவம், அந்த ஜெர்மன்காரருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்கலாம் போலிருந்தது எனக்கு!

இவளுக்கும் வேலை போயிற்று. பென்ஷன் கிடையாது. பெண் காலேஜில் இரண்டாம் வருஷம். "மாற்றுத்திறனாளி சர்டிஃபிகேட் வாங்குங்க சார்" என்றார் பக்கத்து சீட் நண்பர்.

கவுன்ட்டரில் இருந்தவர் லிஸ்ட்டைப் பார்த்தார். 2016-ம் வருஷச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள். பார்க்கின்சன் இருக்கிறது. மறதி நோய் என்று தனியாக இல்லை.

"லிஸ்ட்ல இல்லையே சார்!"

நான் விடுவேனா? சட்டத்தையே எடுத்துப் படித்தேன். மனநோய் என்ற வகைக்குச் சொல்லியிருக்கும் விளக்கத்தில் சிந்தனை, மனநிலை என்று அடுக்கிவிட்டுக் கடைசியில் 'நினைவாற்றல்' என்றும் இருந்தது. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்துவிடலாம். ஆனால், நுழைய வேண்டுமென்றால் 'மனநோய்' என்ற கட்டத்தில் டிக் அடிக்க வேண்டுமே... அந்த டிக்குக்குத்தான் மூன்று நாள்.

பரிசோதனை நாள். காட்டன் புடவை, தலையில் மல்லிகை, "இன்ஸ்பெக்‌ஷனாங்க?" என்று கேட்டபடி கிளம்பிவிட்டாள். அவளைப் பார்த்தால் நோயாளி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். என்னைத்தான் சொல்வார்கள்.

டாக்டர் ஆரம்பித்தார். "இன்னிக்கு என்ன கிழமைம்மா?"

"நீ சொல்லு பார்ப்போம்!" என்றாள் டீச்சர்.

"100-லேருந்து ஏழு ஏழா கழிச்சுக்கிட்டே வாங்க."

93, 86, 79, 72, 65... டாக்டர் போதும் என்கிறார், இவள் நிறுத்தவில்லை. 2 வரை போய்த்தான் மூச்சு விட்டாள்! எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த விநாடியே வயிற்றைக் கலக்கியது. இப்படிப் பதில் சொன்னால் சர்டிஃபிகேட் எப்படிக் கிடைக்கும்? 'கடவுளே, அடுத்ததில் பெயிலாகட்டும்' என்று வேண்டிக்கொண்டேன். பெண்டாட்டி பெயிலாக வேண்டும் என்று வேண்டிக்கொண்ட புருஷனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

பிரார்த்தனை பலித்தது. ஐந்து நிமிஷம் முன்பு சொல்லிக் கொடுத்த மூன்று வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை. என்ன வருஷம் என்றால் 2009 என்றாள்.

அடுத்து என் முறை. தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை என்று நான்கு தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மார்க். எத்தனை வருஷமாக நோய் என்பதற்குத் தனி மார்க். மொத்தம் 7 வந்தால்தான் 40 சதவிகிதம். இங்கே மார்க் ஏற ஏற நோய் அதிகம் என்று அர்த்தம்.

"வீட்ல எப்படி இருக்காங்க?"

சொந்தக்காரர்களிடமெல்லாம் 'சும்மா டயர்டு' என்று சமாளித்தே பழகிய வாய். அவள் பக்கத்தில் உட்கார்ந்து என்னையே பார்க்கிறாள். "இவங்க கொஞ்சம் வெளியில இருக்கட்டுமா சார்?" என்று கேட்டேன். நர்ஸ் அழைத்துப் போனார். கதவருகில் நின்று திரும்பினாள்.

"என்னைப் பத்தி என்ன சொல்லப்போறீங்க?"

கேஸை அணைக்காமல் விட்டது, குளித்துவிட்டு ஈரத்தோடு மறுபடி குளிக்கப் போனது, ராத்திரி இரண்டு மணிக்கு என்னை யாரோ என்று பயந்து பூட்டிக்கொண்டது... எல்லாம் சொன்னேன். கிளாஸில் கோள் சொல்கிற பையன் மாதிரி இருந்தது. (உங்கள் வீட்டில் இப்படி யாராவது இருந்தால் ஒரு மாதம் நோட்டுப் போட்டு எழுதி, அதை டாக்டரிடம் நீட்டிவிடுங்கள். வாயால் சொல்ல வேண்டாம்.)

40-ஐத் தாண்டிவிட்டாள். 'கங்கிராட்ஸ்' என்று வாய் வரை வந்த வார்த்தையை நண்பர் விழுங்கிக்கொண்டார்.

பலன்? வருமான வரியில் 75,000 ரூபாய் கழிவு. 80 சதவிகிதத்தைத் தொட்டால் 1,25,000. நோய் முற்ற முற்ற சலுகை கூடுமாம்! சந்தோஷமாக அக்கவுன்ட்ஸில் கொண்டுபோய்க் கொடுத்தால், "நீங்க புது வரி முறையில இருக்கீங்களே சார். பழைய முறைக்குத்தான் இது" என்று திருப்பிக் கொடுத்தார்கள். ஊருக்கெல்லாம் ஃபாரம் நிரப்பியவன்! அடுத்த வருஷம் மாற்றிக்கொண்டேன்.

கார்டு தபாலில் வந்தது. அவளே கையெழுத்துப் போட்டு வாங்கினாள். போட்டோவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பத்திரமா வைங்க. நீங்க எல்லாத்தையும் தொலைச்சிடுவீங்க."

சாயங்காலம் தேடினால் கார்டைக் காணோம். பீரோ, மேஜை, பூஜை அலமாரி எல்லாம் புரட்டிப் போட்டாகிவிட்டது. ராத்திரி சாதம் வைக்க அரிசி டப்பாவில் கையை விட்டேன். பிளாஸ்டிக் கவரில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, அடியில் இருந்தது.